கொள்ளுத்தாத்தாவின் இறப்புத் தாளைத் தேடி: பென்சில்வேனியா கவுண்டிப் பதிவுகளும் பழைய இரங்கல் செய்திகளும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பதில் முழுக்க அதைச் சுற்றித்தான் போகும். கணவர் பென்சில்வேனியாக்காரர். அவருடைய அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அந்த அம்மாவின் தாத்தா ஒரு ஸ்லோவாக், குடும்பப் பெயர் கொவாச், கேம்ப்ரியா கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் மாதிரி) ஜான்ஸ்டவுன் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். முதல் உலகப் போர் சமயத்தில் இறந்தார் என்பது மட்டும் தெரியும். காய்ச்சலில் போனார் என்கிறது குடும்பத்தில் ஒரு பக்கம், சுரங்கத்தில் போனார் என்கிறது இன்னொரு பக்கம். மாமியார் இருக்கும்போதே அவர் கையில் அந்த மரணப் பதிவைக் கொடுக்க வேண்டும், பேப்பரில் ஏதாவது வந்திருந்தால் அதையும். கவுண்டியில் எந்த அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பது என்பதுதான் கேள்வி.

கவுண்டிக்கு எழுத வேண்டாம். நீங்கள் தேடும் வருடத்துக்கு அது அங்கே இருக்காது. இதைச் சொல்லாமல் விட்டால் ஆறு வாரம் காத்திருந்து, கட்டணமும் கட்டி, இல்லை என்று ஒரு கடிதம் வாங்குவீர்கள்.

அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான இறப்புப் பதிவேடு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தனக்குத் தோன்றிய வருடத்தில் சட்டம் போட்டுப் பதிய ஆரம்பித்தது. மாசசூசெட்ஸ் 1841-இலேயே தொடங்கிவிட்டது, மிச்சிகன் 1867, ஒஹாயோ 1908 டிசம்பர், ஜார்ஜியா 1919. எல்லா மாநிலங்களும் மத்திய அரசின் பதிவு வட்டத்துக்குள் வந்து சேர 1933 ஆகிவிட்டது. பென்சில்வேனியாவுக்கு அந்த வருடம் 1906. அந்த ஜனவரியிலிருந்து இறப்புச் சான்றிதழ்கள் மாநிலத்திடம் போயின, கவுண்டியிடம் அல்ல. அதற்கு முன், 1893 முதல் 1905 வரை, கவுண்டித் தலைநகரில் ஒரு பெரிய பேரேட்டில் ஆளுக்கு ஒரு வரி எழுதி வைத்தார்கள். கேம்ப்ரியாவுக்கு அந்தத் தலைநகர் எபன்ஸ்பர்க், ஜான்ஸ்டவுன் இல்லை. ஊர் பெரியது என்பதால் எல்லோரும் ஜான்ஸ்டவுனுக்குத்தான் எழுதுகிறார்கள். அந்தப் பேரேட்டிலும் பாதிப் பேர் விட்டுப்போயிருப்பார்கள், பதியாவிட்டால் கேட்பதற்கு ஆளில்லாத காலம் அது. 1893-க்கும் முன்னால் என்றால், 1850-களின் தொடக்கத்தில் ஓரிரு வருடம் முயன்று கைவிட்டதைத் தவிர, கவுண்டி அளவில் எதுவும் கிடையாது. பிலடெல்பியா, பிட்ஸ்பர்க் மாதிரிப் பெரிய நகரங்கள் மட்டும் தங்களுக்கென்று தனியாக வைத்திருந்தன.

ஆக, யாரைத் தேடினாலும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: அவர் இறந்த வருடத்தில், அவர் இறந்த இடத்தில், யார் எழுதி வைத்தார்கள்? வாழ்ந்த இடம் இல்லை, இறந்த இடம். பதிவு எப்போதும் உயிர் போன இடத்தோடுதான் போகும். ஜான்ஸ்டவுனில் வீடு, அல்டூனாவில் ஆஸ்பத்திரி என்றால் சான்றிதழில் பிளேர் கவுண்டி என்று இருக்கும். கேம்ப்ரியாவில் கிடைக்கவில்லை என்றால் சோமர்செட், இந்தியானா, பிளேர், வெஸ்ட்மோர்லண்ட் என்று அண்டை கவுண்டிகள் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் இல்லை என்று சொல்லலாம். (இந்தியானா என்பது இங்கே ஒரு கவுண்டியின் பெயர். தேடல் பெட்டியில் அடித்தால் மாநிலத்தைக் கொண்டுவந்து கொட்டும், கவனம்.)

சரி, 1906-க்குப் பிந்தைய சான்றிதழ் எங்கே? பென்சில்வேனியாவில் இறந்து 50 வருடம் கடந்தவர்களின் சான்றிதழ்கள் ஹாரிஸ்பர்க்கில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்கு மாறிவிடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2011-இல் வந்த சட்டத்தால் கிடைத்த வசதி இது. அதற்கு முன்பு இந்த மாநிலத்தில் தேடியவர்கள் பட்ட பாட்டைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், நூறு வருடப் பழைய தாளுக்கும் உறவுமுறையை நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சான்றிதழ்களை எல்லாம் ஸ்கேன் செய்து ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தளத்தில் போட்டிருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் வசிப்பவர்களுக்கு, மாநிலக் காப்பகத்தின் பக்கம் வழியாகப் போய்த் தங்கள் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால், இந்தத் தொகுப்பு இலவசம். நீங்கள் வேறு மாநிலத்தில் இருந்தால் பக்கத்து நூலகத்துக்குப் போங்கள், பெரும்பாலான பொது நூலகங்களில் ஆன்செஸ்ட்ரியின் நூலகப் பதிப்பு இருக்கும், அங்கே உட்கார்ந்து பார்ப்பதற்குக் காசு இல்லை. 50 வருடத்துக்குள் இறந்தவர்கள் என்றால் கதை வேறு. நியூ காசிலில் உள்ள மாநில அலுவலகத்துக்கு நெருங்கிய உறவினர்தான் விண்ணப்பிக்க முடியும்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துங்கள். நேராகப் போய் கொவாச் என்று அடித்துவிட வேண்டாம். அது ஸ்லோவாக், ஹங்கேரிய மொழிகளில் நம் ஊர்க் கொல்லர் மாதிரி, தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பெயர். கூடவே ஜான் என்பது முதல் பெயராக இருந்தால் அந்தக் கவுண்டியில் அந்தச் சில வருடத்தில் எத்தனையோ பேர் வருவார்கள். நான் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு நூலகத்தின் வம்சாவளிப் பிரிவில் உதவிக்கு உட்காருகிறேன், அங்கே ஆரம்ப நாட்களில் ஒரு குடும்பத்துக்கு இப்படித்தான் தவறான ஆளின் சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். பெயர் ஒன்று, வயது ஒன்று, வேலையும் சுரங்கம். அவர்கள் அதை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள். நாலு மாதம் கழித்து, மனைவி பெயர் வேறு என்று கல்லறைக் கல்லைப் பார்த்த பேத்தி கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து தேடுவதற்கு முன்னால் காலத்தை இரண்டு பக்கமும் வேலி போட்டுக்கொள்வதை விட்டதில்லை.

வேலி எப்படிப் போடுவது என்றால், அவர் உயிரோடு இருந்தது உறுதியாகத் தெரியும் கடைசி நாளையும், இல்லை என்று உறுதியாகத் தெரியும் முதல் நாளையும் பிடிக்க வேண்டும். உங்கள் ஆளுக்கு இது அழகாக அமைகிறது. 1910 ஏப்ரலில் ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1918 செப்டம்பர் 12-ஆம் தேதி, 18 முதல் 45 வயது வரையான, அதற்கு முன் பதியாத ஆண்கள் எல்லோரும், குடியுரிமை இல்லாதவர்களும் சேர்த்து, ராணுவப் பதிவு அட்டை நிரப்ப வேண்டியிருந்தது. அதில் வீட்டு முகவரி, வேலை கொடுக்கும் கம்பெனி, நெருங்கிய உறவினர் பெயர் எல்லாம் இருக்கும். அப்புறம் 1920 ஜனவரி 1-ஐ அடிப்படையாக வைத்து அடுத்த கணக்கெடுப்பு. அந்தத் தாளில் அவர் மனைவியின் பெயருக்கு நேரே விதவை என்பதற்கான இரண்டெழுத்துக் குறி இருந்து, 1918 அட்டையும் கிடைத்தால், இறந்தது அந்தப் பதினாறே மாதத்துக்குள். அட்டை இல்லை, ஆனால் வயது வரம்புக்குள் இருந்தவர்தான் என்றால் அதற்கு முன்பே போயிருக்கலாம் என்று சந்தேகப்படலாம் (உறுதி சொல்ல முடியாது, பெயரைக் கன்னாபின்னாவென்று எழுதியிருப்பார்கள்). வருடாவருடம் வந்த நகர டைரக்டரிகளும் கை கொடுக்கும், ஒரு வருடம் தொழிலாளி என்று அவர் பெயர், அடுத்த வருடம் அதே முகவரியில் இன்னாரின் விதவை என்று மனைவி பெயர். 1910 கணக்கெடுப்பைப் பார்க்கும்போது இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: பெற்ற பிள்ளைகள் எத்தனை, இருப்பவர்கள் எத்தனை என்று தாய்மார்களிடம் கேட்டு எழுதியிருப்பார்கள். ஆறு, நாலு என்று இருந்தால், யாருமே உங்களிடம் சொல்லாத இரண்டு குழந்தைகளின் பதிவும் எங்கோ இருக்கிறது.

இப்போது தேடலாம். எழுத்தை விட்டுக் காதால் தேடுங்கள். கொவாச், கொவாக்ஸ், கொவாட்ச், கொவாசிக் என்று ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும், K-வுக்குப் பதில் C போட்டும். முதல் பெயரும் அப்படித்தான், ஸ்லோவாக்கில் யான், ஹங்கேரியப் பதிவில் யானோஷ், ஆங்கிலத்தில் ஜான், எல்லாம் ஒரே ஆள். சில நேரம் வந்த பெயரையே மொழிபெயர்த்து ஸ்மித் ஆக்கியிருப்பார்கள், கொல்லன் என்பதற்கு ஆங்கிலம் அதுதானே. பெயரை விட்டுவிட்டு கவுண்டி, வருடம், மனைவியின் முதல் பெயர் மட்டும் கொடுத்துத் தேடுவது பல முறை பலன் கொடுத்திருக்கிறது. பிறந்த நாடு என்ற இடத்தில் ஸ்லோவாக்கியா என்று எதிர்பார்க்காதீர்கள், 1918 வரை அந்த ஊர்கள் ஹங்கேரி அரசின் கீழ் இருந்தவை. ஹங்கேரி என்றோ ஆஸ்திரியா என்றோதான் எழுதியிருக்கும்.

சான்றிதழ் கிடைத்ததும் எல்லோரும் சாவின் காரணத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்களும் பாருங்கள், காய்ச்சலா சுரங்கமா என்ற குடும்பச் சண்டை அங்கே தீர்ந்துவிடும். 1918 அக்டோபர் என்று இருந்து, இன்ஃபுளுயென்சா அல்லது லோபார் நிமோனியா என்று இருந்தால் உலகத்தையே வாரிக்கொண்டு போன அந்தக் காய்ச்சல்தான், பென்சில்வேனியாவில் அந்த மாதம் மிகக் கொடுமையாக இருந்தது. ஆனால் அந்தத் தாளில் எனக்கு முக்கியமாகப் படுவது தகவல் தந்தவர் யார் என்ற வரி. மேலே இருக்கும் பெயர், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், எல்லாமே அந்த ஒருவர் சொன்னது. மனைவி சொல்லியிருந்தால் மாமனார் பெயர் சரியாக இருக்கலாம், மாமியாரின் பிறந்த வீட்டுப் பெயர் அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், அவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள். விடுதி நடத்தியவரோ ஆஸ்பத்திரிக் குமாஸ்தாவோ சொல்லியிருந்தால் பாதிக்கு மேல் தெரியாது என்றே இருக்கும். மருத்துவர் எழுதிய பகுதியை ஒரு எடையோடும், தகவல் தந்தவர் சொன்ன பகுதியை வேறு எடையோடும் வாசிக்க வேண்டும். இறந்த தேதியும் காரணமும் அன்றைக்கு நடந்தது, நேரில் பார்த்தவர் எழுதியது. பிறந்த தேதி நாற்பது வருடத்துக்கு முன்னால் வேறு நாட்டில் நடந்தது, கேள்விப்பட்டவர் சொன்னது. தகவல் தந்தவருடைய முகவரியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பல முறை அது ஒரு தங்கை அல்லது மச்சானுடைய வீடாக இருக்கும், அந்த வழியில் ஒரு கிளை முழுவதும் திறக்கும். கீழே அடக்கம் செய்த இடமும் ஃபியூனரல் ஹோம் பெயரும் இருக்கும். அவை இரண்டும் அடுத்த படிகள்.

சுரங்க விபத்து என்று வந்தால், பென்சில்வேனியாவில் அதற்கென்றே தனிப் பதிவேடுகள் உண்டு. மாநிலச் சுரங்கத் துறை 1899 முதல் விபத்துப் பதிவேடு வைத்திருந்தது, அதுவும் ஹாரிஸ்பர்க் காப்பகத்தில்தான் இருக்கிறது. பெயர், வயது, எந்த நாட்டவர், என்ன வேலை, எந்தச் சுரங்கம், மனைவி உண்டா, எத்தனை அநாதைப் பிள்ளைகள் என்று வரிசையாகக் கட்டம் போட்டு எழுதியிருப்பார்கள். ஜான்ஸ்டவுனில் 1902 ஜூலை 10-ஆம் தேதி ரோலிங் மில் சுரங்கத்தில் ஒரே வெடிப்பில் 112 பேர் போனார்கள். அப்படிப்பட்ட பெரிய விபத்துகள் எல்லாப் பேப்பரிலும் வந்தன. ஆனால் பெரும்பாலான சுரங்க மரணங்கள் ஒற்றை மரணங்கள், கூரைக் கல் விழுந்து ஒருவர், வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கி ஒருவர். அவர்களுடைய பெயர் இருப்பது அந்தப் பதிவேட்டில்தான். பென்சில்வேனியாவில் 1916 தொடக்கத்திலிருந்து தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது, அதனால் அதற்குப் பிறகு நடந்த விபத்து என்றால் விதவைக்குப் பணம் வந்ததா என்று மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், அவருடைய பாட்டி அதைப் பற்றிச் சொல்லியிருக்கக்கூடும்.

இனி இரங்கல் செய்தி. இதில்தான் எனக்குப் பிடித்தமான பகுதி இருக்கிறது, கொஞ்சம் நீளமாகப் போவேன்.

யாழ்ப்பாணத்து மரண அறிவித்தலை வாசித்துப் பழகியவர்களுக்கு அமெரிக்க இரங்கல் செய்தி புதிதாகத் தெரியாது. இன்னாரின் பாசமிகு கணவரும், காலஞ்சென்ற இன்னாரின் மகனும், கனடாவில் இருக்கும் இன்னார், லண்டனில் இருக்கும் இன்னாரின் தந்தையும் என்று போகும் அல்லவா, அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. இறந்தவரைப் பற்றி நாலு வரி, மிச்சம் எல்லாம் இருப்பவர்களைப் பற்றி. அதனால்தான் இதற்கு இவ்வளவு மதிப்பு. அந்த நாளில் யார் யார் உயிரோடு இருந்தார்கள், எந்த ஊரில் இருந்தார்கள், பெண்களை எங்கே கட்டிக் கொடுத்தார்கள் என்று ஒரு குடும்பத்தின் முழு வரைபடம் கிடைத்துவிடும்.

ஆனால் பெண்கள் அதில் தங்கள் சொந்தப் பெயரில் இருக்க மாட்டார்கள். மகள் அன்னா அந்தப் பேப்பரில் திருமதி ஜார்ஜ் இன்னார். இறந்தவரே பெண் என்றாலும் தலைப்பில் கணவர் பெயர்தான். இதை நீங்கள் எதிர்ப்பக்கமாகவும் பயன்படுத்தலாம். கொள்ளுத்தாத்தாவின் செய்தி கிடைக்கவில்லையா, அவருடைய மருமகன் பெயரைப் போட்டுத் தேடுங்கள், அண்ணன் தம்பி பெயரைப் போட்டுத் தேடுங்கள், முகவரியை மட்டும் போட்டுத் தேடுங்கள், அடக்கம் செய்த சர்ச்சின் பெயரையும் அந்த வாரத்தையும் போட்டுத் தேடுங்கள். பழைய பேப்பரை ஸ்கேன் செய்து கணினி படித்த எழுத்துகள் பாதி பிழையாகவே இருக்கும், குடும்பப் பெயர் வரி முடிவில் இரண்டாக உடைந்திருக்கும், மங்கிய அச்சில் h எல்லாம் b ஆகியிருக்கும். தேடல் பெட்டி இல்லை என்று சொன்னால் அது கணினிக்குத் தெரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். இறந்த தேதி சான்றிதழில் கிடைத்துவிட்டதால், அன்றிலிருந்து பத்து நாள் பேப்பரை ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால் பாருங்கள். ஒரு மாலை நேரத்து வேலைதான்.

பத்து நாளோடு விட்டுவிடவும் வேண்டாம். அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்லிக் குடும்பம் போடும் சின்ன விளம்பரம் இரண்டு வாரம் கழித்து வரும். சொத்து நிர்வாகத்துக்கு நீதிமன்ற அனுமதி வாங்கிய அறிவிப்பு அதற்கும் பிறகு. முதலாம் ஆண்டு நினைவு விளம்பரம் சரியாக ஒரு வருடம் கழித்து, பிள்ளைகளின் பெயர்களோடு.

எந்தப் பேப்பர் என்றால், அந்தக் காலத்தில் ஜான்ஸ்டவுனில் டிரிபியூன், டெமாக்ரட் என்று இரண்டு நாளிதழ்கள் இருந்தன, பின்னால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இலவசமாகத் தொடங்க வேண்டும் என்றால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கிரானிக்ளிங் அமெரிக்கா இருக்கிறது, 1963 வரையான பேப்பர்கள் மாநிலம் மாநிலமாக உண்டு. எல்லா ஊர்ப் பேப்பரும் அதில் கிடையாது, எது இருக்கிறது என்று பட்டியலைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பென் ஸ்டேட் பல்கலைக்கழக நூலகமும் பென்சில்வேனியப் பேப்பர்களை இலவசமாகப் போட்டிருக்கிறது. நியூஸ்பேப்பர்ஸ் டாட் காம், ஜீனியாலஜி பேங்க் போன்றவற்றுக்குச் சந்தா கட்ட வேண்டும், ஆனால் கட்டுவதற்கு முன்னால் உங்கள் நூலக அட்டையில் என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள். பல பேர் ஒரு வருடச் சந்தா கட்டிய பிறகுதான் அதே தளம் வீட்டிலிருந்தே நூலக அட்டை எண்ணில் திறக்கும் என்று தெரிந்துகொள்கிறார்கள். இணையத்தில் எங்குமே இல்லை என்றால் மைக்ரோஃபிலிம்தான், பழைய பேப்பரைச் சின்னதாகப் படமெடுத்த சுருள். ஜான்ஸ்டவுனில் உள்ள கேம்ப்ரியா கவுண்டி நூலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். இறந்த தேதியோடு கேட்டால் நூலகர்கள் தேடித் தருவார்கள், 1915-லிருந்து 1920-க்குள் ஏதோ ஒரு நாள் என்று கேட்டால் யாராலும் முடியாது.

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். 1918-இல் ஆங்கிலப் பேப்பர்கள் ஸ்லோவாக், போலிஷ், ஹங்கேரியத் தொழிலாளிகளுக்கு அதிக இடம் கொடுக்கவில்லை. உள்ளூர் வியாபாரி இறந்தால் படத்தோடு இரண்டு பத்தி, சுரங்கத்தில் ஒரு புலம்பெயர்ந்த தொழிலாளி இறந்தால் மூன்று வரி, சில நேரம் பெயர்கூட இல்லாமல் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் என்று மட்டும். அந்த அக்டோபரில் எல்லோருக்குமே வெறும் பட்டியல்தான், எழுத இடமும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் அவருடைய சொந்த மொழிப் பேப்பரைத் தேடுங்கள். ஸ்லோவாக்குகளுக்குச் சங்கங்கள் இருந்தன, மாதாமாதம் சின்னத் தொகை கட்டினால் இறந்த பிறகு குடும்பத்துக்குப் பணம் தரும் சங்கங்கள். தேசிய ஸ்லோவாக் சங்கம் 1890-இல் பிட்ஸ்பர்க்கில் தொடங்கியது, யெட்னோட்டா என்று அழைக்கப்பட்ட கத்தோலிக்க ஸ்லோவாக் சங்கம் அதே வருடம் கிளீவ்லண்டில். யெட்னோட்டா அதே பெயரில் பத்திரிகையும் நடத்தியது. பணம் கொடுப்பதற்காக அவர்கள் வைத்திருந்த மரணக் கோப்புகளில் பிறந்த கிராமத்தின் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு. இப்படிப்பட்ட புலம்பெயர்ந்தோர் சங்கங்களின் ஆவணங்களும் பேப்பர்களும் நிறைய மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் குடிவரவு வரலாற்றுக் காப்பகத்தில் சேர்ந்திருக்கின்றன. மாமியார் வீட்டில் பழைய பெட்டியில் ஒரு சங்க பேட்ஜ், ஒரு பக்கம் வண்ணமும் மறுபக்கம் துக்கத்துக்கான கறுப்பும் உள்ள ரிப்பன், ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதில் கிளை எண் இருக்கும்.

பிறந்த கிராமத்துக்கு இன்னொரு வழி சர்ச். அடக்கப் பதிவேட்டில், பெரும்பாலும் லத்தீனில், பாதிரியார் எழுதிய வரி அரசுச் சான்றிதழைவிடப் பல முறை நிறையச் சொல்லும். பாதிரியாரும் அதே மொழி பேசியவர், ஊர்ப் பெயரைக் காதில் வாங்கிச் சரியாக எழுதத் தெரிந்தவர். ஸ்லோவாக்குகளுக்கென்று தனி சர்ச்சுகள் இருந்தன, ரோமன் கத்தோலிக்கரா, கிரேக்கக் கத்தோலிக்கரா, லூத்தரனா என்பதைப் பொறுத்து மாறும். ரோமன் கத்தோலிக்க சர்ச் மூடப்பட்டிருந்தால் பதிவேடு மறைமாவட்டத்திடம் போயிருக்கும், இந்தப் பகுதிக்கு அல்டூனா-ஜான்ஸ்டவுன் மறைமாவட்டம்.

கல்லறைக்கு ஃபைண்ட் எ கிரேவ் தளத்தைப் பாருங்கள், ஆனால் கல்லின் படம் இருக்கும் பக்கத்துக்கும், யாரோ தட்டச்சு செய்த தேதி மட்டும் இருக்கும் பக்கத்துக்கும் வித்தியாசம் உண்டு. கல்லில் இருப்பதும் முப்பது வருடம் கழித்துப் பிள்ளைகள் வைத்த கல்லாக இருந்தால் தேதி தவறாக இருக்கலாம். கல்லறை அலுவலகத்துக்கு ஃபோன் செய்து அந்த மனையை யார் வாங்கினார்கள், அதில் வேறு யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கல்லே இல்லாத அந்த இரண்டு குழந்தைகள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கவுண்டிக்குப் போவதற்கு ஒரு காரணம் மிஞ்சுகிறது. எபன்ஸ்பர்க் நீதிமன்றக் கட்டிடத்தில் உயில், சொத்துப் பதிவுகள் இருக்கும். அதைக் கவனிக்கும் நீதிமன்றத்துக்குப் பென்சில்வேனியாவில் அநாதைகள் நீதிமன்றம் என்றே பெயர். பெயரைப் பார்த்துவிட்டு நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாய் இருந்தாளே என்று தாண்டிப் போகிறார்கள். தாய் இருந்தாலும் தகப்பன் போய்விட்டால் சட்டப்படி அந்தப் பிள்ளைகள் அங்கே வந்துவிடுவார்கள். சொத்தென்று ஒரு சின்ன வீடு, ஒரு இன்ஷூரன்ஸ் தொகை இருந்தாலே காப்பாளர் நியமித்த கோப்பு இருக்கலாம், அதில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் வயதும் இருக்கும். இவற்றில் பலவற்றை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், கணக்குத் தொடங்கினால் போதும். 1893 முதல் 1905 வரையான அந்தப் பேரேடுகளையும் அங்கே முதலில் தேடுங்கள்.

இன்னும் பின்னால் போக வேண்டிய மற்ற கிளைகள் இருந்தால் ஒரு வார்த்தை. ஜான்ஸ்டவுனில் 1889 மே 31-ஆம் தேதி அணை உடைந்து வந்த வெள்ளத்தில் 2,209 பேர் இறந்தார்கள். அவர்களில் அடையாளம் தெரியாத 777 பேர் கிராண்ட்வியூ கல்லறைத் தோட்டத்தில் பெயரில்லாத வெள்ளைக் கற்களின் கீழ் இருக்கிறார்கள். அந்த வருடத்தோடு ஒரு குடும்பம் பதிவுகளிலிருந்து சட்டென்று மறைந்தால், ஊரைவிட்டுப் போனார்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் வெள்ளத்தில் இறந்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். 1850, 1860, 1870, 1880 கணக்கெடுப்புகளின் போது, அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் இறந்தவர்களைத் தனித் தாளில் எழுதினார்கள். சான்றிதழே இல்லாத காலத்துக்கு அது பெரிய உதவி.

மாமியார் பக்கம் பிற்காலத்தில் இறந்தவர்களுக்கு, 1960-களுக்குப் பிறகு என்றால், சோஷியல் செக்யூரிட்டி (அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டம்) மரண அட்டவணையில் பெரும்பாலும் தேதி கிடைத்துவிடும். அந்தத் திட்டத்தில் எண் வாங்குவதற்காக அவர்கள் முதலில் நிரப்பிய விண்ணப்பத்தின் நகலைக் கட்டணம் கட்டி வாங்கலாம், வாங்குங்கள். அதில் அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாம் அவர்களே தங்கள் கையால் எழுதியது, வேறு யாரோ சொன்னது இல்லை. கொள்ளுத்தாத்தாவின் பிள்ளைகளில் ஒருவருடைய விண்ணப்பம் கிடைத்தால், கணவரின் கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் அதில் இருக்கும்.

சான்றிதழில் தற்கொலை என்றோ, குடி என்றோ, குடும்பம் சொல்லிவந்த கதைக்கு மாறாக வேறு எதுவோ இருந்தால், அதை மாமியாரிடம் எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் கணவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். எண்பது வயதில் அந்தச் செய்தியை எப்படி எடுத்துக்கொள்வார் என்று மகனுக்குத்தான் தெரியும். உயிரோடு இருப்பவர்களின் பெயர், பிறந்த தேதியை இணையத்தில் உள்ள குடும்ப மரங்களில் போடவும் வேண்டாம்.

இந்த வார இறுதியில் மாமியாரைப் பார்க்கப் போகும்போது கேட்டுக்கொண்டு வர வேண்டியவை: அவருடைய பாட்டி எந்த சர்ச்சுக்குப் போனார், வீடு எந்தத் தெருவில் இருந்தது, பாட்டி பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டாரா, அத்தை மாமாக்கள் யாரைக் கட்டினார்கள். இரண்டாவது கல்யாணம் முக்கியம். சின்னப் பிள்ளைகளோடு விதவையான பெண் ஓரிரு வருடத்துக்குள் மறுமணம் செய்வது சுரங்க ஊர்களில் சாதாரணம், 1920 கணக்கெடுப்பில் பிள்ளைகள் எல்லோரும் புதுத் தகப்பன் பெயரில் இருப்பார்கள், கொவாச் என்று தேடினால் அந்தக் குடும்பமே கிடைக்காது. ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஊர்ப் பெயரை அவர் எப்படி உச்சரிக்கிறார் என்பது எழுத்தில் வராது. அந்தப் பதில்களோடு திரும்ப எழுதுங்கள், சான்றிதழை நாம் சேர்ந்தே தேடலாம்.